துடுப்பிலாக் கடற்பன்றி

துடுப்பிலாக் கடற்பன்றி என்பது பாரசீக வளைகுடா முதல் தைவான் நீரிணை வரையுள்ள ஆசியக் கரையோரக் கடல்களில் வாழும் ஒரு சிறிய பாலூட்டி விலங்கு ஆகும். இது திமிங்கிலம், ஓங்கில் (டால்பின்) ஆகியவற்றின் உறவினம். முதுகில் துடுப்பு இல்லாமை இதன் முதன்மையான அடையாளம். முழு வளர்ச்சி அடைந்த விலங்கின் நீளம் ஏறத்தாழ 1.7 மீட்டருக்குள் அடங்கும். இந்தியாவில் காணப்படும் கடற்பன்றி இனம் இது ஒன்றே. தமிழகத்தின் மன்னார் வளைகுடாப் பகுதியிலும் இது பதிவு செய்யப்பட்டுள்ளது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (ஐ.யூ.சி.என்.) சிவப்புப் பட்டியலில் இது அழிவாய்ப்பு இனமாக வைக்கப்பட்டுள்ளது. கரையோரங்களில் விரிக்கப்படும் செவுள் வலைகளில் தற்செயலாகச் சிக்கி மூச்சுத்திணறி இறப்பதே இவ்வினம் குறைந்து வருவதற்கு முதற்காரணம் ஆகும். நீரின் மேல் சிறிது நேரமே தோன்றுவதாலும், படகுகளைக் கண்டு விலகிச் செல்வதாலும் இவ்விலங்கை உயிருடன் பார்த்தவர்கள் குறைவு. எனவே இதன் எண்ணிக்கை குறைவதும் எளிதில் தெரிவதில்லை.

அறிவியல் வகைப்பாடு

திணை: விலங்கு
தொகுதி: முதுகுநாணி
வகுப்பு: பாலூட்டி
குடும்பம்: ஃபோசீனிடே (கடற்பன்றிகள்)
பேரினம்: நியோஃபோசீனா
இனம்: நி. ஃபோசீனாய்டிசு
பெயரிட்டவர்: குவியே, 1829
காப்பு நிலை: அழிவாய்ப்பு இனம்

பெயர்

ஐரோப்பிய மொழிகளில் இவ்வகை விலங்குகளுக்கு வழங்கும் பெயர், இலத்தீனில் பன்றி, மீன் என்னும் பொருள் தரும் இரு சொற்களின் சேர்க்கையிலிருந்து வந்தது. கடற்பன்றி என்னும் தமிழ்ப் பெயரும் அதே பொருளைத் தருகின்றது. பருத்த குறுகிய உடலும் மழுங்கிய முகமும் இப்பெயருக்குக் காரணமாகலாம். பெயர் இவ்வாறு இருப்பினும் இவ்விலங்கு பன்றியும் அன்று, மீனும் அன்று. இது நுரையீரலால் மூச்சு விட்டு, குட்டி ஈன்று, பாலூட்டி வளர்க்கும் வெப்பக் குருதி விலங்கு ஆகும்.

துடுப்பிலா என்பது முதுகுத் துடுப்பு இல்லாமையை மட்டுமே குறிக்கும். பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு துடுப்புகளும் கிடைமட்டமாக அமைந்த வால் துடுப்பும் இதற்கு உண்டு. பழைய நூல்கள் இதனைக் கருங்கடற்பன்றி எனக் குறிப்பிட்டன. உயிருள்ள விலங்கின் நிறம் சாம்பல். இறந்த பின்னர் தோல் கறுத்துவிடும். அக்கால அறிஞர்கள் இறந்த உடல்களை மட்டுமே பார்த்து எழுதியதால் அந்தப் பெயர் நிலைத்தது. இந்தியச் சட்டத்தில் இது சிறிய இந்தியக் கடற்பன்றி எனக் குறிப்பிடப்பட்டது.

ஓங்கிலுக்கும் கடற்பன்றிக்கும் உள்ள வேறுபாடு

இரண்டும் தோற்றத்தில் ஒத்திருப்பதால் ஒன்றை மற்றொன்றாகக் கருதுவது வழக்கம். இவை தனித்தனிக் குடும்பங்களைச் சேர்ந்தவை. வேறுபாடுகள் பின்வருமாறு:

- பெரும்பாலான ஓங்கில்களுக்கு அலகு போல் நீண்ட வாய் உண்டு. கடற்பன்றியின் முகம் உருண்டு மழுங்கியிருக்கும்.
- ஓங்கிலின் பற்கள் கூம்பு வடிவின. கடற்பன்றியின் பற்கள் மண்வெட்டி போல் தட்டையானவை.
- ஓங்கில்கள் கூட்டமாகத் துள்ளி விளையாடும், கப்பல்களின் முன்னே நீந்தும். கடற்பன்றிகள் பெரும்பாலும் ஒதுங்கி வாழ்பவை.

கடற்பன்றிக் குடும்பத்தில் ஏழு இனங்கள் பொதுவாக ஏற்கப்படுகின்றன. இவற்றுள் முதுகுத் துடுப்பு இல்லாதவை நியோஃபோசீனா பேரினத்தைச் சேர்ந்தவை மட்டுமே.

ஆய்வு வரலாறு

பிரெஞ்சு உயிரியலாளர் சியார்ச் குவியே 1829-ஆம் ஆண்டில் ஒரு மண்டை ஓட்டைக் கொண்டு இவ்வினத்தை விவரித்தார். அது ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் கிடைத்ததாக அவர் குறிப்பிட்டார். ஆனால் ஆப்பிரிக்கக் கரையில் இவ்விலங்கு வாழ்வதற்கான சான்று பின்னர் கிடைக்கவில்லை. அந்த மண்டை ஓடு இந்தியாவின் மலபார்க் கரையிலிருந்து சென்றிருக்க வேண்டும் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதினர். இவ்வாறு, அறிவியல் உலகிற்கு அறிமுகமான முதல் துடுப்பிலாக் கடற்பன்றியே தவறான முகவரியுடன் அறிமுகமாகியது.

1846-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் சான் எட்வர்டு கிரே இதனை நியோமெரிசு என்னும் பேரினத்தில் சேர்த்தார். அப்பெயர் வேறொரு விலங்கிற்கு முன்னரே வழங்கப்பட்டிருந்ததால், 1899-இல் பாமர் என்பவர் நியோஃபோசீனா என்ற பெயரை அளித்தார். எனினும் இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் பழைய நியோமெரிசு என்னும் பெயரே இடம்பெற்றது.

நீண்ட காலமாக ஆசியா முழுவதும் உள்ள துடுப்பிலாக் கடற்பன்றிகள் ஒரே இனமாகக் கருதப்பட்டு வந்தன. முதுகின் அமைப்பு, மரபணு ஆகியவற்றின் அடிப்படையில் 2011-ஆம் ஆண்டில் அவை இரண்டு இனங்களாகப் பிரிக்கப்பட்டன.

1. இந்தோ-பசிபிக் துடுப்பிலாக் கடற்பன்றி. இக்கட்டுரையின் பொருளான இவ்வினம் இந்தியப் பெருங்கடல், தென்கிழக்கு ஆசியா, தென் சீனக் கரை ஆகிய இடங்களில் வாழ்கின்றது.
2. குறுமுகட்டுத் துடுப்பிலாக் கடற்பன்றி. சீனா, கொரியா, ஜப்பான் கரைகளிலும் சீனாவின் யாங்சி ஆற்றிலும் வாழ்கின்றது. ஜப்பானியர் இதனைச் சுனமேரி என்பர்.

தைவான் நீரிணையில் இரண்டு இனங்களும் வாழ்ந்தும் தம்முள் கலப்பதில்லை என்பது இவற்றைத் தனி இனங்களாகக் கொள்வதற்கு ஒரு முக்கியச் சான்றாக அமைந்தது. யாங்சி ஆற்றில் வாழ்பவை தனியொரு இனம் என 2018-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று கூறியது.

உடலமைப்பு

இதன் உடல் இரு முனைகளிலும் குறுகிய கதிர் போன்ற வடிவம் உடையது. தலை உருண்டும் நெற்றி சற்றுப் புடைத்தும் காணப்படும். கழுத்து எலும்புகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணையாமல் இருப்பதால், பல திமிங்கில இனங்களைப் போலன்றி இது தலையைப் பக்கவாட்டில் நன்கு திருப்ப வல்லது. தாடையின் ஒவ்வொரு பாதியிலும் 15 முதல் 22 வரை பற்கள் இருக்கும்.

முதுகுத் துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் தாழ்ந்த முகடு ஒன்று நீளவாக்கில் ஓடுகின்றது. அதன் மேல் சிறு பருக்கள் போன்ற தடிப்புகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. இந்தோ-பசிபிக் இனத்தில் இப்பகுதி அகன்றது. பத்துக்கும் மேற்பட்ட வரிசைகள் உண்டு. மற்றைய இனத்தில் இது குறுகியது. இத்தடிப்புகளில் நரம்பு முனைகள் காணப்படுவதால் இவை தொடு உணர்வோடு தொடர்புடையவை எனக் கருதப்படுகின்றது. குட்டிகள் தாயின் முதுகில் இத்தடிப்புகளைப் பற்றிக்கொண்டு சவாரி செய்யும் என்னும் செய்தியும் நூல்களில் காணப்படுகின்றது.

துடுப்பு இல்லாததால் இவ்விலங்கைக் கடலில் அடையாளம் காண்பது கடினம். கடல் அமைதியாக இருக்கும்போது, நீர்மட்டத்தில் ஒரு வழவழப்பான சாம்பல் நிற முதுகு ஓரிரு நொடிகள் தோன்றி மறைவதை மட்டுமே காணலாம். சிற்றலைகள் எழுந்துவிட்டால் அதுவும் தெரியாது.

வாழிடமும் பரவலும்

துடுப்பிலாக் கடற்பன்றி ஆழ்கடல் விலங்கன்று. பெரும்பாலும் 50 மீட்டருக்குக் குறைவான ஆழமுள்ள நீரிலேயே வாழும். மணல் அல்லது சேற்றுத் தரை கொண்ட விரிகுடாக்கள், ஆற்று முகத்துவாரங்கள், அலையாத்திக் காடுகளை ஒட்டிய கால்வாய்கள் ஆகியவற்றை விரும்புகின்றது. மேற்கே பாரசீக வளைகுடாவில் தொடங்கி, பாக்கித்தான், இந்தியா, வங்காளதேசம், மியான்மர், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, வியட்நாம், தென் சீனா வழியாகத் தைவான் நீரிணை வரை இதன் பரவல் நீள்கின்றது. இப்பரவல் தொடர்ச்சியான ஒன்றன்று. ஏற்ற ஆழமற்ற நீர் உள்ள இடங்களில் மட்டும் தனித்தனிக் கூட்டங்களாக வாழ்வதால், ஓரிடத்தில் அழிந்தால் வேறிடத்திலிருந்து வந்து நிரப்புவது எளிதன்று.

இந்தியாவில்

இந்தியாவின் மேற்குக் கரையில் குசராத்து, மகாராட்டிரம், கோவா, கருநாடகம், கேரளம் ஆகிய மாநிலங்களின் கடற்பகுதிகளில் இது பதிவாகியுள்ளது. மகாராட்டிரத்தின் சிந்துதுர்க்கக் கடற்பகுதியில் கூன்முதுகு ஓங்கில்களுடன் சேர்த்து இவ்வினமும் ஆய்வு செய்யப்பட்டுள்ளது.

கிழக்கே சுந்தரவனத்தை ஒட்டிய கடற்பகுதி இதன் முக்கிய வாழிடங்களில் ஒன்று. வங்காளதேசக் கரையோரத்தில் 2004-இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1,382 துடுப்பிலாக் கடற்பன்றிகள் அங்கிருந்ததாக மதிப்பிடப்பட்டது. அதே ஆய்வில் இரவாடி ஓங்கில்களின் எண்ணிக்கை 5,383 என மதிப்பிடப்பட்டது.

தமிழகத்தில்

தமிழகத்தில் மன்னார் வளைகுடா இவ்விலங்கின் வாழிடமாகக் குறிப்பிடப்படுகின்றது. மண்டபத்தில் 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், இக்கடற்பகுதியில் கரை ஒதுங்கிய, வலையில் சிக்கிய கடற்பாலூட்டிகளைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வந்துள்ளது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்கு மாற்றப்பட்ட பின்னரும் மண்டபத்தில் அதன் மண்டல மையம் இயங்குகின்றது. பாக்கு நீரிணைப் பகுதியும் ஆழமற்றது. கடற்புற்கள் நிறைந்த இந்நீர்ப்பரப்புகளே ஆவுளியா எனப்படும் கடற்பசுவின் வாழிடமும் ஆகும். மீனவர் பேச்சில் கடற்பசுவும் சில வேளைகளில் கடற்பன்றி எனக் குறிக்கப்படலாம் ஆதலால், பெயரை மட்டும் கொண்டு இனத்தை முடிவு செய்தல் கூடாது. கடற்பசு புல் மேயும் விலங்கு. துடுப்பிலாக் கடற்பன்றி ஊனுண்ணி.

உள்நாட்டு ஆறுகளுடன் தொடர்பு

முகத்துவாரங்களில் வாழும் விலங்குகளின் நலன் கடற்கரையோடு முடிவதன்று. எடுத்துக்காட்டாக, கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. ஆயினும் அங்குள்ள கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி ஆறும் மணிமுத்தாறும் வெள்ளாற்றுடன் சேர்ந்து, கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டை அருகே வங்காள விரிகுடாவில் கலக்கின்றன. வயல்களிலும் ஊர்களிலும் ஆற்றில் சேர்பவை முகத்துவாரத்தையும் அடைகின்றன. இது குறித்த ஆய்வு ஒன்று அச்சுறுத்தல்கள் பிரிவில் தரப்பட்டுள்ளது.

நடத்தை

துடுப்பிலாக் கடற்பன்றிகள் தனியாகவோ, இரண்டு மூன்றாகவோ காணப்படும். உணவு மிகுந்த இடங்களில் இதைவிடப் பெரிய கூட்டங்களும் சேர்வதுண்டு. மூச்சு விடுவதற்கு மேலே வரும்போது நீரைத் தெறிக்காமல் மெல்லப் புரண்டு மீண்டும் மூழ்கிவிடும். துள்ளிக் குதிப்பது அரிது.

ஒலி

கலங்கிய நீரில் பார்வை அதிகம் பயன்படாது. எனவே இவ்விலங்கு வௌவாலைப் போல ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழியையும் இரையையும் அறிகின்றது. இது எழுப்பும் ஒலித்துடிப்புகள் 100 கிலோ எர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வெண் கொண்டவை. மனிதச் செவி 20 கிலோ எர்ட்சு வரையிலான ஒலிகளையே கேட்கும். ஆதலால் பல ஓங்கில்களைப் போலச் சீழ்க்கை எழுப்பும் விலங்காக இதனை மனிதர் அறிவதில்லை.

இத்தகைய உயர் அதிர்வெண் ஒலி நீரில் நெடுந்தொலைவு செல்லாது. நீருக்கடியில் ஒலிப்பதிவுக் கருவிகளைப் பொருத்தி இவ்விலங்குகளைக் கணக்கெடுக்க முடியும் என்றாலும், அவை கருவியின் அருகே சில நூறு மீட்டர் தொலைவிற்குள் வந்தால்தான் பதிவாகும். மெல்லிய நைலான் நரம்பால் ஆன வலை ஒலியைக் குறைவாகவே எதிரொலிப்பதால், ஒலியை நம்பி வாழும் விலங்கும் அதனை உரிய நேரத்தில் அறிய இயலாமல் சிக்கிக்கொள்கின்றது.

உணவு

சிறு மீன்கள், கணவாய், ஊசிக்கணவாய், சாக்குக்கணவாய், இறால் ஆகியவை இதன் உணவு. இரையின் வகை இடத்திற்கும் பருவத்திற்கும் ஏற்ப மாறும். நீரின் நடுப்பகுதியிலும் கடல் தரையிலும் இரை தேடும். மனிதர் விரும்பிப் பிடிக்கும் இறால், கணவாய் ஆகியவற்றையே இதுவும் நாடுவதால், மீன்பிடிக் களமும் இதன் மேய்ச்சல் களமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

இனப்பெருக்கம்

சூல்காலம் ஏறத்தாழ 11 மாதங்கள். ஒரு முறைக்கு ஒரு குட்டி மட்டுமே ஈனும். பிறந்த குட்டி 75 முதல் 85 செ.மீ. நீளம் இருக்கும். பிறந்த சில மாதங்கள் தாயின் பாலையே நம்பி வாழும். ஒரு பெண் விலங்கு பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையே குட்டி ஈனும். இனப்பெருக்க வயதை அடையவும் சில ஆண்டுகள் ஆகும்.

மீன்கள் ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகின்றன. அவற்றைப் பிடிக்கும் வலையில் தவறிச் சிக்கும் இவ்விலங்கோ ஒரு குட்டியை வளர்த்தெடுக்கவே ஆண்டுகளைச் செலவிடுகின்றது. ஆகவே ஓராண்டில் சில விலங்குகள் கூடுதலாக இறந்தாலும் ஒரு சிறிய கூட்டம் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாமல் போகலாம்.

அச்சுறுத்தல்கள்

செவுள் வலை

செவுள் வலை என்பது நீரில் சுவர் போல் நிற்குமாறு விரிக்கப்படும் வலை ஆகும். மீன் அதன் கண்ணிக்குள் தலையை நுழைத்துப் பின்வாங்கும்போது செவுள் மாட்டிக்கொள்ளும். கடற்பன்றி சிக்கினால் துடுப்போ வாலோ நூலில் சுற்றிக்கொள்ளும். மீனைப் போல் நீருக்குள் மூச்சு விட இயலாததால், மேலே வர முடியாமல் சில நிமிடங்களில் இறந்துவிடும். வலை விரித்தவர் திரும்பி வந்து இழுக்கும்போது பெரும்பாலும் உயிரற்ற உடலே கிடைக்கும்.

மீனவர்கள் இவ்விலங்கைத் தேடிப் பிடிப்பதில்லை. இதனால் அவர்களுக்கு வருவாய் இல்லை. வலை கிழிந்தால் இழப்பே மிஞ்சும். செவுள் வலை குறைந்த முதலீட்டில் நாட்டுப்படகு மீனவர் பயன்படுத்தக் கூடிய வலை என்பதால், மாற்று வழி இல்லாமல் அதனைக் கைவிடச் சொல்வது அவர்களது வாழ்வாதாரத்தைப் பறிப்பதாகும். இச்சிக்கலின் மையம் இதுவே.

ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படும் மீன்பிடித் தடைக்காலம் தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் நீடிக்கின்றது. இது மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருத்திற்கொண்டு விசைப்படகுகளுக்கு விதிக்கப்படுவது. நாட்டுப்படகுகள் அந்நாட்களிலும் கரையோரத்தில் மீன்பிடிக்கலாம். கரையோரமே கடற்பன்றியின் வாழிடம் என்பதால் இத்தடைக்காலம் அதற்கு முழுப் பாதுகாப்பைத் தருவதில்லை.

இழுவை மடியும் படகுப் போக்குவரத்தும்

விசைப்படகுகளின் இழுவை மடிகளில் கடற்பன்றிகள் சிக்குவதும் உண்டு. கடல் தரையை வாரிச் செல்லும் இம்மடிகள் அவற்றின் இரையையும் குறைக்கின்றன. விரைந்து செல்லும் படகுகள் மோதியும் விலங்குகள் காயமடைகின்றன. முதுகுத் துடுப்பு இல்லாததால் படகோட்டிக்கும் அவை முன்கூட்டித் தெரிவதில்லை.

வாழிட அழிவு

துறைமுக விரிவாக்கம், மணல் அள்ளுதல், அலையாத்திக் காடுகளை அழித்து இறால் பண்ணை அமைத்தல் ஆகியவை ஆழமற்ற கரையோர நீரின் இயல்பை மாற்றுகின்றன. ஆழ்கடலில் வாழ இயலாத இவ்வினத்திற்கு விலகிச் செல்ல வேறிடம் இல்லை.

மாசு

பூச்சிக்கொல்லிகளில் சில, எளிதில் சிதையாமல் உணவுச் சங்கிலி வழியே மேலேறி, கடற்பாலூட்டிகளின் தோலடிக் கொழுப்பில் சேர்கின்றன. பரங்கிப்பேட்டைக் கடற்பகுதியில் கிடைத்த ஓங்கில்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1993-இல் வெளியான ஆய்வில், அவற்றின் கொழுப்பில் டி.டி.டி., எச்.சி.எச். ஆகிய நஞ்சுகள் காணப்பட்டன. வயலில் பூச்சிகளுக்கும் ஊரில் கொசுக்களுக்கும் தெளிக்கப்பட்டவை இவையே. ஆய்வு செய்யப்பட்டவை ஓங்கில்கள் எனினும், கரைக்கு இன்னும் அருகில் வாழும் கடற்பன்றிக்கும் இது பொருந்தும் எனக் கொள்ளலாம். இத்தகைய நஞ்சுகள் தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கும் செல்கின்றன.

இரண்டு உறவினங்களின் நிலை

துடுப்பிலாக் கடற்பன்றியின் எதிர்காலம் எவ்வாறு அமையலாம் என்பதை அறிய, அதன் நெருங்கிய உறவினங்கள் இரண்டின் வரலாறு உதவும்.

வாகிட்டா

வாகிட்டா என்பது மெக்சிக்கோவின் கலிபோர்னியா வளைகுடாவின் வடமுனையில் மட்டும் வாழும் கடற்பன்றி. எசுப்பானிய மொழியில் சிறு பசு என்று பொருள். 1.5 மீட்டர் அளவே வளரும் இவ்வினம் 1958-இல்தான் அறிவியலில் விவரிக்கப்பட்டது. 1997-இல் ஏறத்தாழ 567 விலங்குகள் இருந்தன. 2008-இல் அது 245 ஆகவும், 2016-இல் ஏறத்தாழ 30 ஆகவும் குறைந்தது. 2024-ஆம் ஆண்டு நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் 6 முதல் 8 விலங்குகளே காணப்பட்டன. இன்று உலகில் மிகவும் அருகிய கடற்பாலூட்டி இதுவே.

வாகிட்டாவை எவரும் வேட்டையாடவில்லை. இறால் பிடிக்கவும், டொட்டோவாபா என்னும் பெரிய மீனைப் பிடிக்கவும் விரித்த செவுள் வலைகளே அதனை அழித்தன. டொட்டோவாபா மீனின் காற்றுப்பைக்குச் சீனச் சந்தையில் மிக உயர்ந்த விலை கிடைப்பதால் கள்ளத்தனமாக வலை விரிப்பது தொடர்ந்தது. 2017-இல் எஞ்சியவற்றைப் பிடித்துப் பாதுகாப்பில் வளர்க்க முயன்றபோது, பிடிபட்ட பெண் விலங்கு ஒன்று அதிர்ச்சியால் இறந்தது. அத்துடன் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2022-இல் மெக்சிக்கோ கடற்படை, வலைகள் மாட்டிக்கொள்ளும் வகையில் கொக்கிகள் பொருத்திய காங்கிரீட்டுக் கட்டைகளை அவ்வாழிடத்தில் இறக்கியது.

யாங்சி துடுப்பிலாக் கடற்பன்றி

சீனாவின் யாங்சி ஆற்றில் வாழும் துடுப்பிலாக் கடற்பன்றி நன்னீரில் வாழும் ஒரே கடற்பன்றி ஆகும். அதே ஆற்றில் வாழ்ந்த பைச்சி ஓங்கிலைத் தேடி 2006-இல் ஆறு முழுவதும் பயணம் செய்த ஆய்வுக் குழுவிற்கு ஒரு விலங்கும் தென்படவில்லை. அப்போது ஏறத்தாழ 1,800 ஆக மதிப்பிடப்பட்ட கடற்பன்றிகள் 2012-இல் 1,045 ஆகவும் 2017-இல் 1,012 ஆகவும் குறைந்தன. 2013-இல் இது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது.

ஆற்றிலிருந்து துண்டிக்கப்பட்ட தியான்-எ-சோ என்னும் வளைவு ஏரியில் 1990 முதல் சில விலங்குகள் கொண்டுவந்து விடப்பட்டு, அங்கு அவை பெருகின. 2021 சனவரி முதல் யாங்சி ஆற்றில் மீன்பிடிக்கப் பத்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. மீனவர்களுக்கு மாற்றுத் தொழிலும் இழப்பீடும் வழங்கப்பட்டன. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை 1,249 ஆக உயர்ந்தது. கணக்கெடுப்புகள் தொடங்கியதிலிருந்து உயர்வு காணப்பட்டது இதுவே முதன்முறை.

இரண்டு வரலாறுகளிலும் எண்ணிக்கை தொடர்ந்து கண்காணிக்கப்பட்டது. அதனால்தான் வீழ்ச்சியும் மீட்சியும் அறியப்பட்டன. இந்தியக் கரை முழுவதற்கும் அத்தகைய நீண்டகாலக் கணக்கெடுப்பு அமைவது இவ்வினத்தின் பாதுகாப்பிற்கு முதல் தேவை ஆகும்.

பாதுகாப்பு நடவடிக்கைகள்

இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இவ்விலங்கு இடம்பெற்றுள்ளது. புலி, யானை ஆகியவற்றுக்கு உள்ள அதே அளவு பாதுகாப்பு இதற்கும் உண்டு. இதனை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் 1979 முதல் இது இடம்பெற்றுள்ளதால் இதன் உடற்பாகங்களைப் பன்னாட்டுச் சந்தையில் விற்பது தடை செய்யப்பட்டுள்ளது.

கடுமையான சட்டத்தால் எதிர்பாராத விளைவு ஒன்றும் உண்டு. வலையில் தற்செயலாக இறந்த விலங்கைக் கரைக்குக் கொண்டுவந்தால் வழக்கு வருமோ என அஞ்சும் மீனவர் அதனைக் கடலிலேயே விட்டுவிடக் கூடும். அவ்வாறு விடப்பட்ட இறப்புகள் எந்தப் பதிவேட்டிலும் சேர்வதில்லை. தற்செயல் இறப்புகளை அச்சமின்றித் தெரிவிக்கும் வழிமுறை அமைந்தால் ஆய்வாளர்களுக்கு உண்மை நிலை தெரியவரும்.

வாழிடப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற நீரையும் உள்ளடக்கியது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுக் காப்பகம் அமைக்கப்பட்டது. இது கடற்பசுவிற்காக அமைக்கப்பட்டதாயினும், ஆழமற்ற நீரை நம்பி வாழும் பிற விலங்குகளுக்கும் பயன் தர வல்லது. 2020-இல் இந்திய அரசு அறிவித்த ஓங்கில் திட்டம் ஆற்று ஓங்கில்களுடன் கடல் ஓங்கில்களையும் கருத்தில் கொள்கின்றது.

வலைகளில் சிறு ஒலியெழுப்பிகளைப் பொருத்துவது மற்றொரு வழி. ஐரோப்பிய, அமெரிக்கக் கடல்களில் துறைமுகக் கடற்பன்றிகள் வலைகளில் சிக்குவதை இக்கருவிகள் குறைத்துள்ளன. ஆயினும் கருவியின் விலையும் மின்கலம் மாற்றும் செலவும் சிறு மீனவர்களுக்குச் சுமையாகும்.

கடலுணவு வணிகமும் இவ்வினத்தின் பாதுகாப்போடு தொடர்புடையதாகியுள்ளது. கடற்பாலூட்டிகள் மீன்பிடிப்பில் இறப்பதைத் தடுக்கத் தனக்கு நிகரான ஏற்பாடுகள் உள்ள நாடுகளிலிருந்தே மீன் பொருட்களை இறக்குமதி செய்வது என்னும் விதியை அமெரிக்கா 2016-இல் வெளியிட்டது. இந்தியாவின் இறால் ஏற்றுமதிக்கு அமெரிக்கா பெரிய சந்தை ஆதலால், இந்தியக் கடற்பாலூட்டிகளைக் கணக்கெடுக்கும் பணி இதன் பின்னர் கூடுதல் கவனம் பெற்றது.

கரை ஒதுங்கினால் செய்ய வேண்டியவை

கடல்சார் பெருவிலங்குகள் கரை ஒதுங்கும்போது பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளை இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-இல் வெளியிட்டது. பொதுமக்கள் கவனத்தில் கொள்ளத்தக்கவை:

- உடனடியாக வனத்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும்.
- விலங்கு உயிருடன் இருந்தால் அதன் வயிறு தரையில் படுமாறு நேராக வைத்து, ஈரத்துணியால் போர்த்தலாம். தலையின் மேலுள்ள ஊதுதுளையை மூடுதலோ அதற்குள் நீர் விடுதலோ கூடாது.
- வாலையோ துடுப்பையோ பிடித்து இழுத்தல் கூடாது.
- கூட்டம் கூடுதல், ஓசை எழுப்புதல், விலங்கின் மேல் ஏறிப் படம் எடுத்தல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.
- இறந்த விலங்காயின் நாள், இடம், நீளம் ஆகியவற்றைக் குறித்துப் படம் எடுத்து வைத்தல் பயனுள்ளது. முதுகு தெளிவாகத் தெரியும் படம் இனத்தை உறுதி செய்ய உதவும்.

துடுப்பிலாக் கடற்பன்றியைப் பற்றி இந்தியாவில் அறியப்பட்டவற்றுள் பெரும்பகுதி இவ்வாறு கரையிலும் வலையிலும் கிடைத்த உடல்களிலிருந்தே பெறப்பட்டது. ஆகவே ஒரு கடற்கரைச் சிற்றூரில் எடுக்கப்படும் குறிப்பும் அறிவியல் மதிப்பு உடையதே.

இவற்றையும் பார்க்க

- ஓங்கில்
- கடற்பசு
- வாகிட்டா
- மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா
- வெள்ளாறு
- கல்வராயன் மலை